அதென்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு...

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் பட்டப்படிப்பை முடித்தால், அடுத்து என்ன என்ற கேள்விக்கு மூன்றே மூன்று பதில்கள்தான் உண்டு. பி.எட்., பாங்க் பரீட்சை, கல்யாணம். நாலாவதாக ஒன்றைச் சொன்னால் கேட்கிறவர் முகம் ஒரு மாதிரியாகப் போய்விடும். என் மூத்த மகள் 2022-ல் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு, "சமூகவியல் எம்.ஏ. படிக்கப் போறேன்" என்று சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், போனவர் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "அதென்ன படிப்பு?"

எதிர் வீட்டு மாமி, "மனையியல்தானே? நல்லது, நாளைக்குக் குடும்பம் நடத்த உதவும்" என்று வாழ்த்தினார். மளிகைக் கடைக்காரர், "சமூக சேவையா? அதுக்கு எதுக்குங்க படிப்பு, மனசு இருந்தாப் போதாதா?" என்றார். என் நாத்தனார் மட்டும் மறைக்காமல் கேட்டாள்: "அண்ணி, கணக்குப் படிச்ச பொண்ணு டியூஷன் எடுத்தாக்கூட மாசம் நாலு காசு வரும். இதைப் படிச்சு என்ன செய்யப் போறா?"

நான் பன்னிரண்டாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எனக்கும் அந்தப் பேரைத் தவிர ஒன்றும் தெரியாது. என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தே பழக்கம். "ரெண்டு வருஷம் திருச்சியில விடுதிச் செலவு, பீஸு. அப்புறம் வரவு எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சின்னச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

மகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். ஒரு கூறு கொத்தவரங்காயை முன்னால் கொட்டி, "இதை நறுக்கி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எனக்குப் புரிஞ்சா அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"அம்மா, நம்ம வீட்ல அப்பாவும் தம்பியும் முதல்ல சாப்பிடறாங்க. அப்புறம் அப்பாயி, அப்புறம் நான். நீ எப்பவும் கடைசி. ஏன்?"

"இதென்ன கேள்வி! வழக்கம்."

"அந்த வழக்கம் எங்கேருந்து வந்தது? எல்லா வீட்லயும் இருக்கா? எந்த வீட்ல இல்லை, அங்கே ஏன் இல்லை? யாருக்கு இதனால லாபம், யாருக்கு நஷ்டம்? இதையெல்லாம் ஊகமாப் பேசாம, நாலு வீடு ஏறி இறங்கி, கேட்டு, எண்ணிப் பார்த்துச் சொல்றதுதான் சமூகவியல்."

கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக நான் கடைசியாகத்தான் சாப்பிடுகிறேன். பருப்பு தீர்ந்துபோய் ரசத்தோடு எழுந்த நாட்கள் எத்தனையோ. ஒரு நாளும் ஏன் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அன்று இரவே இவரிடம் பேசினேன். மகளும் தன் பங்குக்கு விவரங்களை அடுக்கினாள். எந்தப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்த எம்.ஏ.வில் சேரலாம். கணக்குப் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். புள்ளிவிவரங்களைக் கையாளுவதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது, அதில் கணக்குப் பெண்களுக்கு ஒரு படி அனுகூலம். புதிதாக முளைத்த படிப்பும் இல்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-லேயே இதற்குத் துறை தொடங்கிவிட்டார்கள். இவர் கடைசியில், "சரி, ரெண்டு வருஷம். அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். அந்த வருஷமே சேர்த்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வருவாள். துணி துவைக்கும் கல்லருகிலும், அடுப்படியிலும், மொட்டை மாடியில் வற்றல் காயும்போதும் அந்த வாரம் படித்ததைச் சொல்வாள். எனக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்க வராது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். இரண்டு வருஷத்தில் அவள் படித்த எம்.ஏ.வில் கால்வாசியாவது எனக்கும் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கேட்டது எம்.என். ஸ்ரீநிவாஸ் என்பவரைப் பற்றி. மைசூர்க்காரர். 1948-ல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய்த் தங்கி, அங்குள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள், யார் யாருக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதி வைத்தார். அதற்குப் பிறகு பல வருஷம் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளையெல்லாம் ஒழுங்கு பண்ணினார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு என்ற ஊரில் அவர் தங்கியிருந்த ஆராய்ச்சி மையத்தில் யாரோ தீ வைத்துவிட்டார்கள். ஒழுங்கு செய்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்தன. மூன்றும் எரிந்து போயின. மனுஷர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. ஞாபகத்தை வைத்துக்கொண்டே அந்தக் கிராமத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1976-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற பொருளில் பேர் வைத்தார். இதைக் கேட்ட என் மாமியார், "நாலு வருஷம் முந்தி கடன் வாங்கின ஆழாக்கு உளுந்தையே நாம மறக்கறதில்லையே, அவரு எப்படி ஊரை மறப்பாரு?" என்றார். மகள் அதைக்கூடத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதே ஸ்ரீநிவாஸ் 1984-ல் வரதட்சணையைப் பற்றியும் ஒரு சிறு புத்தகம் எழுதியிருக்கிறார். இப்போது நாம் காணும் வரதட்சணை தொன்றுதொட்டு வந்த பழக்கமே அல்ல என்கிறார். வெள்ளைக்காரர் காலத்தில் பணப் புழக்கமும், இங்கிலீஷ் படிப்பும், மாதச் சம்பள உத்தியோகமும் வந்தன. அந்த மாதிரி மாப்பிள்ளைகள் குறைச்சல், வேண்டியவர்கள் அதிகம். அதனால் விலை ஏறியது என்பது அவர் கருத்து.

இதைக் கேட்டதும் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே! எங்கம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் 51 ரூபா பரிசம் வச்சு, புடவை வச்சு, தாம்பூலம் மாத்திக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பொண்ணைப் பெத்தவங்க கையை விட்டு எதுவும் கொடுக்கலை." அவருக்கு 1968-ல் கல்யாணம். பிறந்த வீட்டிலிருந்து இரண்டு பித்தளை அண்டாவும் ஒரு குத்துவிளக்கும் வந்தன. எனக்கு 1999-ல். 15 பவுனும் ஒரு ஸ்கூட்டரும். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள். பணம் போகும் திசையே தலைகீழாக மாறியிருக்கிறது. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, நானோ அதற்கு 38 வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனவள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 'ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆதிகாலம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறதே!

இராவதி கார்வே என்ற அம்மாளைப் பற்றி மகள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1905-ல் பர்மாவில் பிறந்தவர். அங்கே ஓடும் ஐராவதி நதியின் பேரையே வைத்தார்கள். பம்பாயில் 1928-ல் சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போய் 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில்! பிறகு புனேயில் டெக்கான் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். புனே தெருக்களில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண்மணி என்றும் அவரைச் சொல்வார்களாம். இந்தியா முழுவதும் உறவுமுறைகள் எப்படியெல்லாம் இருக்கின்றன என்று 1953-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். வடக்கே பெண்ணை முன்பின் அறியாத குடும்பத்தில், வேற்றூரில் கொடுக்கிறார்கள். தெற்கே அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று தெரிந்த வீட்டுக்குள்ளேயே போகிறாள். அதனால் இரண்டு இடத்திலும் மருமகளின் நிலை வேறு வேறாக இருக்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார். நாம் மாமியாரை 'அத்தை' என்றும் மாமனாரை 'மாமா' என்றும் கூப்பிடுகிறோமே, அந்த வார்த்தைக்குள்ளேயே இந்த ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. தினம் நூறு தடவை 'அத்தை' என்று கூப்பிடுகிற எனக்கு இது தோன்றியதே இல்லை!

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சோதனை வந்தது. 2023 ஐப்பசியில், இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருக்கையில், நாத்தனார் ஒரு வரன் கொண்டுவந்தாள். பையன் சென்னையில் கம்பெனி வேலை. நல்ல குடும்பம், தெரிந்த இடம். ஆனால் இரண்டு நிபந்தனை. 40 பவுன் போட வேண்டும்; தை மாதமே கல்யாணம். படிப்பு பாதியில் நிற்குமே என்றதற்குப் பையனின் அம்மா, "நின்னா என்ன? அது ஒண்ணும் உத்தியோகத்துக்கான படிப்பு இல்லையே!" என்றாராம்.

"அண்ணி, இந்த மாதிரி இடம் திரும்ப வராது" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். இவர் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மகளைக் கேட்டோம். "கல்யாணமே வேண்டாம்னு நான் சொல்லலை. ஜூன் மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. முடிச்சுட்டு வரேன்" என்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "அம்மா, ஒரு பொண்ணு படிப்பை நிறுத்தினா அது அவ தலையெழுத்துன்னு சொல்லலாம். நம்ம தெருவுல எத்தனை பேர் அப்படி நிறுத்தியிருக்காங்கன்னு எண்ணிப் பாரு. அத்தனை பேருக்குமா ஒரே தலையெழுத்து?"

எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் மட்டும், நான் உட்பட, ஏழு பேர். 1996-ல் நான் பன்னிரண்டாவது முடித்தபோது வாங்கிய கல்லூரி விண்ணப்பம், நிரப்பியும் நிரப்பாமலும் என் தகரப் பெட்டியில் ரொம்ப நாள் கிடந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் வரன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். போக்குவரத்துக்குப் பஸ் இல்லை என்று ஒரு காரணமும் சொன்னார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என் பக்கம் பேச ஒருவர் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு மட்டும் எப்போதும் உண்டு. அதனால் மறுநாள் காலையில் இவரிடம், "இவ பக்கம் பேச நான் இருக்கேன்" என்று சொன்னேன். இரண்டே வார்த்தை போலத்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு படபடத்தது.

இவர் ஒன்றும் பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்து, நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் 40 பவுன் விலை. இன்னொரு பக்கம் இரண்டு வருஷத்துக் கல்லூரிக் கட்டணம், விடுதி, பஸ், புத்தகம். கூட்டிப் பார்த்தால், மகள் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு அன்றைய விலையில் மூன்று பவுன்கூட வரவில்லை! "இதைப் போயா பாதியில நிறுத்தறது?" என்று அவரே கேட்டார். ஜூன் வரை காத்திருக்க முடியுமா என்று சொல்லி அனுப்பினோம். முடியாது என்று பதில் வந்தது. நாத்தனார் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஒரு பெண் படிக்க வேண்டுமென்றால் வீட்டில் ஏதாவது ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். மகள் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டு வேலை! "வீட்டு வேலையில ஆராய என்னடி இருக்கு?" என்று கேட்டேன். அவள் லண்டன் கதை ஒன்று சொன்னாள். ஆன் ஓக்லி என்ற பெண், பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக, லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் போய் அவர்களுடைய வீட்டு வேலையைப் பற்றிக் கேட்டார். வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் என்று கணக்கு வந்தது. 1974-ல் புத்தகமாக வந்து பெரிய பேச்சானது. நம் நாட்டில் அரசாங்கமே 2019-ல் நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். வீட்டு வேலையில் கை வைக்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். இவ்வளவும் செய்கிற இல்லத்தரசியை 2011 மக்கள்தொகைக் கணக்கில் 'வேலை செய்யாதவர்' என்ற தலைப்பில்தான் போட்டிருக்கிறார்கள்!

அச்சடித்த வினாப்பட்டியலோடு மகள் எங்கள் தெருவில் இறங்கினாள். முதல் கேள்வி, "நீங்க வேலை பார்க்கிறீங்களா?" எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, "இல்லைம்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வாடிய முகத்தோடு வந்தாள். நான் சொன்னேன்: "காலை பத்து மணிக்குப் போனா யார் பேசுவா? மூணு மணிக்குப் போ, பாத்திரமெல்லாம் கவிழ்த்துட்டு உட்கார்ற நேரம். அப்புறம், வேலை பார்க்கிறீங்களான்னு கேக்காதே. காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க, அதுக்கப்புறம் என்னன்னு கேளு." அப்படியே கேட்டாள். மடை திறந்த மாதிரி கொட்டினார்களாம். அவளுடைய பேராசிரியை, "இது யார் சொல்லிக் கொடுத்த முறை?" என்று கேட்டாராம். "எங்கம்மா" என்று சொன்னாளாம். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டேன்.

அடுத்தது தெருப் பிரச்சினை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவுக்கும் போகப் போவதாகச் சொன்னாள். "அங்கேயெல்லாம் எதுக்கு? நம்ம தெருவுல கேட்டது போதாதா?" என்று அத்தை முணுமுணுத்தார். மகள் பொறுமையாக ஒரு விஷயம் சொன்னாள். 1961-62-ல் ஆந்த்ரே பெத்தேய் என்ற இளைஞர் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் பட்டத்துக்காக நம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தார். ஒரு கிராமத்தில் தங்கி, அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்துச் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி எழுதிய புத்தகம் 1965-ல் வந்தது, இன்றைக்கும் எம்.ஏ. மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் அக்ரஹாரத்தில் தங்கியதால் மற்றத் தெருக்களுக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறாராம். "யார் வீட்டுத் திண்ணையில உட்கார்றோமோ அந்த ஊர்தான் அப்பாயி நம்ம கண்ணுக்குத் தெரியும்" என்றாள். அத்தைக்குப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் தடுக்கவில்லை.

போனாள். டீ கொடுத்தார்கள், குடித்தாள். அங்கே ஒரு அம்மாள் சொன்னதை வந்து சொன்னாள். அந்த அம்மாள் விடிவதற்குள் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு நடவுக்குப் போகிறவர். "வீட்டு வேலையையும் எழுதிக்கோ தாயி, வயல் வேலையையும் எழுதிக்கோ. ரெண்டுக்கும் சேர்த்து எனக்கு இருக்கறது ஒரே முதுகுதான்!" இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் நினைவு வந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தால் அவளுக்கு அது வேலை, சம்பளம் உண்டு. தன் வீட்டுக்குப் போய் அதே நாரால் தன் பாத்திரத்தைத் தேய்த்தால் அது வேலை இல்லை! இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மகளுக்காக என்னுடைய ஒரு நாளையும் எழுதிக் கொடுத்தேன். வாசல் தெளிப்பதில் ஆரம்பித்து, இரவு பால் உறை ஊற்றுவது வரை. 9 மணி 40 நிமிஷம் வந்தது. அந்தக் காகிதம் இவர் கண்ணில் பட்டது. கணக்கு எழுதுகிறவர் ஆயிற்றே, கூட்டிப் பார்த்தார். "இதுல அம்மாவுக்கு வேளா வேளைக்கு மருந்து கொடுக்கறதையும் காலுக்குத் தைலம் தேய்க்கறதையும் காணோமே" என்று சொல்லி, தன் பேனாவால் 30 நிமிஷம் சேர்த்தார். நான் வேலை என்றே நினைக்காததை அவர் வேலை என்று எழுதியது எனக்கு என்னவோ போலிருந்தது.

உடனே வீடே மாறிவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். தண்ணீர் பிடிப்பது மகன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலைக் காபி இவர் கையால். ஆனால் ஒன்று நிஜமாகவே மாறியது. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்கிறோம். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு, வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்கிறோம். எனக்கும் குழம்பில் காய் கிடைக்கிறது. இது சின்ன விஷயமில்லை, சகோதரிகளே. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் மிச்சத்தைச் சாப்பிட்டு எழுகிற பழக்கம் உடம்புக்கு நல்லது செய்யாது என்பதை எந்த டாக்டரும் சொல்வார்.

மகள் 2024-ல் எம்.ஏ.வை முதல் வகுப்பில் முடித்தாள். அதன் பிறகு என்ன என்று கேட்பீர்கள். வேலை வாசலில் வந்து காத்திருக்கவில்லை. அதை ஒளிக்க மாட்டேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக யு.ஜி.சி. நெட் என்ற தேர்வு எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள், 150 கேள்வி. அதில் மேலே வருகிறவர்களுக்கு ஆராய்ச்சி செய்ய ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை உண்டு. 2023-லிருந்து அது மாதம் 37,000 ரூபாய். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது; உதவித்தொகைக்கு உண்டு, ஆனால் பெண்களுக்கு அதில் ஐந்து வருஷம் சலுகை இருக்கிறது. கல்யாணம், குழந்தை என்று இடையில் நின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கும் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். விடுதிக்கு அனுப்ப வசதி இல்லாதவர்கள் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் வீட்டிலிருந்தபடியே இந்த எம்.ஏ.வைப் படிக்கலாம்.

என் மகள் முதல் முறை நெட் தேர்வில் தேறவில்லை. இரண்டாம் முறை உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றாள், உதவித்தொகை கிடைக்கவில்லை. இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் கிராமக் கணக்கெடுப்பு வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதத் தயாராகிறாள். சம்பளம் பெரிதில்லை. மாதா மாதம் அப்பாயிக்கு மருந்து அவள் காசில்தான் வருகிறது. வரன்களும் வருகின்றன. இப்போது பேசுகிறவர்களிடம் இவர் முதலிலேயே, "பொண்ணு டாக்டர் பட்டம் வரைக்கும் படிப்பா. சம்மதம்னா மேலே பேசலாம்" என்று சொல்லிவிடுகிறார். நாத்தனாரும் பழையபடி வந்துபோகிறாள். போன மாதம், "என் பொண்ணுக்கும் அந்த எம்.ஏ.வுக்கு எப்போ விண்ணப்பம் போடணும், அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள்!

உங்கள் வீட்டுப் பெண்ணும் நாளைக்கு நீங்கள் கேள்விப்படாத ஒரு படிப்பின் பேரைச் சொல்லிக்கொண்டு வரலாம். வேண்டாம் என்றும் உடனே சொல்லாதீர்கள், சரி என்றும் உடனே சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அவளுக்கு அதில் நிஜமான ஆசை இருந்தால் ஒரு கூறு காய் நறுக்கி முடிப்பதற்குள் உங்களுக்குப் புரிய வைத்துவிடுவாள். அதன் பிறகு அவள் பக்கம் பேச வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.